அனுப்பியவர் யார்?

கணக்குப் புத்தகங்களைச் சீர்செய்வது எப்படி என்று பிறருக்கு யோசனை சொல்லி, அந்த யோசனைக்குக் கூலி வாங்கி ஜீவனம் நடத்துகிற என்போன்றவர்களுக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை; சிப்பந்தி என்றும் ஒருவரும் இல்லை; பெட்டியைத் தூக்குவதும் நாமே, பெட்டிக்குள் இருக்கிற கடுதாசிகளுக்குப் பொறுப்பாளியும் நாமே. இரண்டு நாள் வேலையாகக் கொழும்புக்குப் போய் இறங்கிய ஓர் அதிகாலையில், கடவுச்சீட்டைப் பார்வையிட்ட இளம் உத்தியோகஸ்தர் மிகவும் மரியாதையாகவே, “ஐயா, உங்களை அனுப்பினவர் யார்?” என்று கேட்டார். “ஒருவரும் அனுப்பவில்லை, நானேதான் வந்தேன்” என்று நான் சொன்ன பதில் வேதாந்த விசாரத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கலாமே ஒழிய, அவருக்கு முன்னால் இருந்த படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்குவதாக இல்லை. அவர் சற்று யோசித்தார். பிறகு புன்னகை செய்து முத்திரையைக் குத்திவிட்டார்.

விடுதிக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியே என் காதில் இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கிற இந்தக் குறுகிய கடலைத் தாண்டிப் போனவர்களுள், தோட்டக் கூலியாகப் போனவனுக்குக் கங்காணி இருந்தான். யாத்திரிகனுக்குக் கதிர்காமத்து முருகன் இருந்தான். கொழும்புச் செட்டியார் தெருவில் லேவாதேவி நடத்தப் போன நகரத்தாரின் ஏஜெண்டுக்கோ, மூன்று வருஷக் கணக்கு என்றும், அதிகாரப் பத்திரம் என்றும், ஊரில் உட்கார்ந்திருக்கும் முதலாளி என்றும், தனக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்றும் ஒரு முழு சாம்ராஜ்யமே முதுகுக்குப் பின்னால் நின்றது. இவர்களைப் பற்றியெல்லாம் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவராலும் அனுப்பப்படாமல், அக்கரையில் குடியேறும் எண்ணமும் இல்லாமல், கையில் இருக்கிற வித்தையையோ சிறு சரக்கையோ நம்பிப் போய், பத்து நாளில் திரும்பி வந்துவிடுகிற மனிதனைப் பற்றித்தான் எழுத்து குறைவு. அவன் எந்தப் பதிவேட்டிலும் நீண்ட நாள் தங்குவதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். எந்தத் தலைப்பின் கீழ் அவனைப் பதிவது என்பது பதிவேடு வைத்திருப்பவருக்கே தெரியாமல் போனது மற்றொரு காரணம்.

இத்தகைய மனிதருள் மிகப் பழையவராகவும் மிக விசித்திரமானவராகவும் எனக்குத் தோன்றுகிறவர் மன்னார் வளைகுடாவின் கடற்கட்டி. முத்துக் குளிப்பவர்கள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற நேரத்தில் சுறா மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டி வைப்பது அவர் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையோரமாகச் சென்ற மார்க்கோ போலோ இவர்களைப் பற்றிச் சொல்லும் செய்தி, இக்காலத்து ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு மிகுந்த சுவாரஸ்யம் தரக் கூடியது. வியாபாரிகள் தாங்கள் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குத் தர வேண்டும். மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரமோ பகலுக்கு மட்டுமே செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்து விடுவார்கள், இரவில் சுறாக்கள் தம் இஷ்டம்போல் திரியலாம். திருட்டுத்தனமாக இரவில் யாரும் குளித்துவிடாதபடி காவலும் ஆயிற்று, மறுநாள் காலையில் மந்திரக்காரருக்கு மறுபடியும் வேலையும் ஆயிற்று! ஒரே யோசனையை நாள்தோறும் புதிதாக விற்கும் இந்த உபாயத்தை எழுநூறு வருஷங்களுக்குப் பிற்பட்ட என் தொழிலில் இன்னும் ஒருவரும் முழுமையாகக் கைவசப்படுத்தியதாகத் தெரியவில்லை.

1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த இடத்துக்குத் தாம் சென்றபோது கண்டதை 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். கடற்கட்டி வந்து சடங்கு செய்யாமல் ஒரு குளிப்பாளியும் படகில் ஏற மாட்டான். ஆகையால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசாங்கமும் அவரை வருவித்தே தீர வேண்டியிருந்தது. அந்த வித்தை ஒரு குடும்பத்துக்கு வம்ச பரம்பரையாக உரியது. அக்குடும்பத்தின் அப்போதைய தலைவரோ கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஆனால் சுறாக்களின் பயம் மந்திரக்காரரின் மதத்தைப் பொறுத்ததன்று என்பதில் எல்லோருக்கும் ஏகோபித்த அபிப்பிராயம் இருந்தது. டெனன்ட் போன சமயம் அந்தத் தலைவருக்கு உடல்நலம் இல்லை. பிரதிநிதியாக வேறொருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பிரதிநிதி, தமக்கு மந்திர ரகசியம் தெரியாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, ஆனாலும் மேலான ஒருவரின் ஆளாகத் தாம் வந்திருப்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும் என்று உறுதி கூறினாராம். ஆக, அனுப்பியவர் யார் என்ற கேள்வியை மனிதர்களுக்கு முன்பே மீன்கள் கேட்டிருக்கின்றன.

சலாபம் என்பது ஒரு சிறிய காலத்துப் பெரிய நகரம். அரிப்பிலும் மறிச்சுக்கட்டியிலும் வருஷத்தின் பெரும்பகுதி மணலும் முட்செடியுமாய்க் கிடக்கிற கரையில், முத்துப் பார் விளைந்துவிட்டது என்ற விளம்பரம் வெளியானதும், ஓலைக்கூரை போட்ட தெருக்கள் முளைக்கும். கச்சேரியும் காவல் நிலையமும் வைத்திய சாலையும் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் படகுகள் வந்து சேரும். குளிப்பவர்கள், கயிறு பிடிப்பவர்கள், ஏலம் எடுப்பவர்கள், சிப்பி அழுகிய நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் சோறு விற்பவர்கள், முத்தைத் துளையிடுபவர்கள் என்று பல்லாயிரம் பேர் சில வாரங்கள் வாழ்ந்துவிட்டுப் போவார்கள். இவர்களுள் நம் கதைக்கு முக்கியமானவர் மதிப்பீட்டாளர். சலாபத்தை அறிவிப்பதற்கு முன்னால், பாரிலிருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துக்களைச் செட்டிகளும் சோனகருமாகிய கைதேர்ந்த வியாபாரிகளிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு என்ன பெறும் என்று அபிப்பிராயம் கேட்பது வழக்கம். துளைகள் வரவரச் சிறுத்துச் செல்லும் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து, பிறகு நிறத்தையும் உருட்சியையும் பார்த்து, இது ஆணி, இது குறுவல், இது வெறும் தூள் என்று அவர்கள் சொல்லுகிற ஒரு வார்த்தையின் மேல்தான் சர்க்காரின் விளம்பரமும், அந்த விளம்பரத்தை நம்பிப் பல ஊர்களிலிருந்து புறப்பட்ட பணமும் நின்றன. 1905 ஆம் வருஷத்துச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு வந்தன; மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்குப் போக, மிச்சத்தை ஏலம் விட்ட வகையில் அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தச் செழிப்பைக் கண்டு மயங்கிய ஒரு லண்டன் கம்பெனி, அடுத்த வருஷமே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி அதன்பின் சரியாக விளையவில்லை; கம்பெனி சில ஆண்டுகளிலேயே கலைந்தது. வருஷா வருஷம் கடலைப் பார்த்து, விளைந்திருந்தால் வருவது, விளையாவிட்டால் ஊரோடு இருப்பது என்ற பழைய வியாபாரிகளின் முறையில் இருந்த விவேகம் லண்டன்காரர்களுக்குப் பிறகுதான் புலப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கடலில் எல்லை என்பது இல்லாமலில்லை. இந்து சமுத்திரத்தில் போர்த்துகீசியர் அதிகாரம் செலுத்திய நாளில், கர்த்தாஸ் என்ற அவர்களுடைய அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறிமுதல் செய்வது அவர்கள் சட்டம். ஆனால் அந்தச் சீட்டு கப்பலுக்கு உரியதே அல்லாமல் மனிதனுக்கு உரியதன்று. கப்பலில் ஏறியிருப்பவன் எங்கே பிறந்தான், எதற்காகப் போகிறான், எத்தனை நாளில் திரும்புவான் என்ற விசாரணைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரையில் பாக் ஜலசந்தியில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நல்லூர் ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலை உத்தியோகத்தை 1848 இல் உதறிவிட்டு, சைவ நூல்களைத் தாமே அச்சிட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு, மறு வருஷம் சதாசிவப் பிள்ளை என்னும் மாணவரையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது ஓர் அச்சு யந்திரம் வாங்குவதற்காக. போகிற வழியில் திருவாவடுதுறை மடத்தில் பிரசங்கம் செய்து நாவலர் என்ற பட்டம் பெற்றார். சென்னையில் தங்கி இரண்டு நூல்களைப் பதிப்பித்தார். யந்திரத்தை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பி வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். இன்றைய குடிவரவு மேஜை ஒன்றின் முன் அவரை நிறுத்தினால், வந்த நோக்கம் சமயமா, வியாபாரமா, கல்வியா, யந்திர இறக்குமதியா என்று தீர்மானிப்பதற்குள் மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு அன்றைய வேலை நேரம் முடிந்துவிடும்.

ரயில் 1876 இல் தூத்துக்குடிக்கு வந்த பிறகு, கொழும்புப் பிரயாணம் தோணிக்காரனின் காற்றுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உட்பட்டதாக இல்லாமல், அட்டவணைக்கு உட்பட்டதாயிற்று. அந்தக் கடல்வழியைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தன் சொந்த வீட்டு முற்றமாகக் கருதியிருந்த சமயத்தில், தூத்துக்குடி வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வருவித்து ஓட்டிய கதை தமிழர் அறிந்ததே. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததும், பிரயாணிகளுக்கு இனாமாகக் குடை கொடுத்துக்கூட ஆள் பிடித்ததாகச் சொல்லப்படுவதும் தேசபக்திக் கதையின் பகுதிகளாகவே எப்போதும் கூறப்படுகின்றன. அடிக்கடி போய் வருகிற சில்லறை வியாபாரியின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் குறைவு. சரக்கின் லாபமே சில ரூபாய்களாக இருக்கிற ஒருவனுக்கு, கப்பல் கூலி குறைவது என்பது மாதம் ஒரு தரம் போகிறவன் இரண்டு தரம் போவதாகும். 1908 இல் சிதம்பரம் பிள்ளை சிறைக்குப் போனார். கம்பெனி க்ஷீணித்து, கப்பல்கள் கைமாறின. அந்தப் போட்டியின் நாட்களில் குடை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள், கொழும்பு மழையில் அதைப் பிடித்துக்கொண்டு யாரை வாழ்த்தினார்களோ!

1914 ஆம் வருஷம் பிப்ரவரி 24 ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுமுதல் எழும்பூரில் சாயங்காலம் ஏறுகிறவன், மறுநாள் தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கி, அங்கேயே காத்திருக்கிற கப்பலில் ஏறி, சுமார் 20 மைல் கடலைச் சில மணி நேரத்தில் தாண்டி, தலைமன்னாரில் இலங்கை ரயிலைப் பிடித்து, மூன்றாம் நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் முகம் கழுவலாம் என்றாயிற்று. ஒரே சீட்டு இரண்டு ரயிலுக்கும் ஒரு கப்பலுக்கும் செல்லும். போட் மெயில் என்ற அந்தப் பெயர் இன்னும் தென்பாண்டி நாட்டுப் பெரியவர்கள் வாயில் இருக்கிறது; கடலுக்குப் போகாத ரயிலையும் அவர்கள் அப்படியேதான் அழைக்கிறார்கள்.

ஆனால் அட்டவணை வந்த இடத்தில் சோதனையும் வந்தது. தூத்துக்குடி வழியாகக் கூலிகள் போன நாளில் தட்டப்பாறையில் இருந்த தங்கல் முகாமைப்போல, புதிய வழிக்கு மண்டபத்தில் ஒரு பெரிய முகாம் எழுந்தது. இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கத்தின் செலவிலும் நிர்வாகத்திலும் நடந்த முகாம் அது. அதாவது இலங்கையின் எல்லை கடலைத் தாண்டி இக்கரையில் வந்து உட்கார்ந்திருந்தது. பிளேக், வாந்திபேதி, அம்மை முதலிய நோய்கள் தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்ற கவலையால் தொழிலாளிகளைச் சில நாட்கள் அடைத்து வைத்து, துணியை அவித்து, அம்மை குத்தி, உடம்பைப் பரிசோதித்து அனுப்புவார்கள். மேல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தவருக்கு இந்தக் காவல் கிடையாது. நோய்க் கிருமிகளும் வகுப்பு பார்த்தே பிரயாணம் செய்யும் என்று அந்த நாள் சுகாதார சாஸ்திரம் நம்பியதோ என்னவோ! இதில் அகப்பட்டுக்கொண்டவன் இடையில் நிற்பவன். கொழும்புக் கடை ஒன்றில் நிலுவை வசூலிக்கவோ, புடவைக்கு ஆர்டர் பிடிக்கவோ மூன்றாம் வகுப்பில் போகிற சிறு வியாபாரிக்கு, அக்கரையில் இருக்கப்போகிற நாளைவிட மண்டபத்தில் கிடக்கிற நாள் அதிகமாகிவிடும். பத்து நாள் பிரயாணத்தில் ஒரு வாரம் போய்விட்டால் வியாபாரம் என்ன மிஞ்சும்? கடன் வாங்கியாவது இரண்டாம் வகுப்பில் போவதே சிக்கனம் என்ற விபரீதக் கணக்கு இப்படித்தான் பிறந்தது. இக்காலத்திலும், குறுகிய காரியமாக எல்லை தாண்டுகிற தனி ஆள், தன் வருமானத்துக்கு மேற்பட்ட விடுதியில் இறங்கி, மேற்பட்ட சட்டையை அணிந்து, அவசரமில்லாதவன்போல் நடிக்க வேண்டியிருப்பதன் மூல புருஷன் அந்த இரண்டாம் வகுப்புச் சீட்டுக்காரன்தான்.

உடம்பைச் சோதித்த எல்லை பிறகு பிறப்பைச் சோதிக்கத் தொடங்கியது. 1939 இல் இலங்கை அரசாங்கம் தன் வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தலைப்பட்டது. அதற்கு எதிராக இந்திய அரசாங்கம் அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடுத்துவிட்டது. தடை கூலிக்கே அன்றி வியாபாரிக்கு இல்லை. ஆனால் துறைமுகத்தில் நிற்கிற காவலருக்கு, வேட்டி கட்டி மூட்டை சுமந்து வருகிறவன் கூலியா வியாபாரியா என்று தெரிவது எப்படி? சுதந்திரம் பெற்ற இலங்கை 1948 ஆம் ஆண்டில் இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தபோது, வீட்டுத் தாழ்வாரத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிக்கொண்டிருந்த கடலுக்கு முதல் முறையாகக் கதவும் தாழ்ப்பாளும் அமைந்தன. கொழும்பு புறக்கோட்டையில் கடையும், திருநெல்வேலிச் சீமையில் குடும்பமுமாக இருந்தவர்கள் தற்காலிக வசிப்பு அனுமதி வாங்கி, அதைப் புதுப்பித்துக்கொண்டே காலம் கழிக்க வேண்டியவரானார்கள். சும்மா பார்த்துப்போக வருகிறவருக்கு வேறு அனுமதி. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. இருக்கிறவனுக்கு ஒன்று, பார்க்கிறவனுக்கு ஒன்று; வந்து ஒரு காரியத்தைச் செய்துவிட்டு உடனே போகிறவனுக்கு?

இந்த நெருக்கடி வியாபாரிகளோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தஞ்சை ஜில்லாவிலிருந்து நாகஸ்வர வித்துவான்களை வரவழைத்து இரவு முழுவதும் கேட்பது அந்நாட்டு ரசிகர்களின் பெருமித வழக்கம். அச்சாரம் பெற்றுக்கொண்டு, குழலையும் தவிலையும் உறையில் கட்டி, ஒத்துக்காரரையும் தாளக்காரரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிய மேளக்காரர், இப்போது தம்முடைய வாசிப்பு ‘வேலை’யா அல்லவா என்ற சட்டப் பிரச்சினைக்கு ஆளானார். எதிர்த்திசையிலும் இதே கதைதான். யாழ்ப்பாணம் தக்ஷிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தமிழ்நாடு சொக்கிக் கிடந்த காலமும் இந்தக் காகிதங்களின் காலமும் ஒன்றே. ஐந்து பேர் கொண்ட ஒரு மேளத்துக்கு ஐந்து அனுமதிகள் வேண்டும். ஒத்து ஊதுகிறவருக்குச் சீட்டு தாமதமானால் ராகத்துக்கு ஆதார சுருதியே இல்லை. காகிதத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் வல்வெட்டித்துறைப் படகுகளை நாடினார்கள். தமிழ்ப்படம் பார்க்கவென்றே இரவோடு இரவாக அக்கரையிலிருந்து வந்து போனவர்கள் உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நேற்றுவரை வெறும் தோணியாக இருந்தது, சட்டம் வந்த மறுநாள் கள்ளத்தோணியாயிற்று. அந்த வார்த்தையோ தோணியை விட்டு மனிதர்மேல் ஏறிக்கொண்டு, மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக்கூட வசைபாடப் பயன்பட்டது.

இலங்கை கதவைச் சாத்தியது என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. இந்தியாவும் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டிருந்தது. சுதந்திரம் வந்து 20 வருஷங்கள் வரையில் கடவுச்சீட்டு என்பது பிரஜையின் உரிமையாக இல்லாமல் சர்க்காரின் தயவாகவே இருந்து வந்தது. கொடுப்பதும் மறுப்பதும் உத்தியோகஸ்தரின் விருப்பம்; வெளிநாட்டில் இந்தியாவின் கௌரவத்துக்குக் குறைவு வந்துவிடுமோ என்ற பயத்தால், தலைச்சுமை வியாபாரிகளையும் படிப்புக் குறைந்தவர்களையும் பெரும்பாலும் புறக்கணித்தே வந்தார்கள்; வசதியுள்ளவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். 1957 ஐ ஒட்டி அந்நியச் செலாவணி வற்றிய பிறகு, எல்லை பிரயாணியின் மடியைச் சோதிக்கத் தொடங்கியது. பீ படிவம் என்று ஒன்றை நிரப்பி ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றால்தான் விமானச் சீட்டே விற்பார்கள் என்றும், பிரயாணி எடுத்துப் போகலாகும் அயல்நாட்டுப் பணம் கைவிரலால் எண்ணத்தக்க சில பவுன்களே என்றும் ஆன காலம் அது. கம்பெனி உத்தியோகஸ்தருக்குச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தானே முதலாளியும் தானே குமாஸ்தாவுமாகிய மனிதன், போகிற இடத்தில் யார் சோறு போடுவார் என்பதற்கும் கடிதம் காட்ட வேண்டியவனானான்.

இந்த நிலைமையைச் சற்றே மாற்றியது ஒரு சாதாரண வியாபாரி தொடுத்த வழக்கு என்பது எனக்கு எப்போதும் திருப்தி தருகிற விஷயம். தில்லியில் மோட்டார் உதிரிப் பாகங்களை உற்பத்தி செய்தும், ஏற்றுமதி இறக்குமதி நடத்தியும் வந்த ஒருவர், தொழிலுக்காக அடிக்கடி வெளிநாடு போய் வருகிறவர். அவருடைய கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி 1966 இல் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். அவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1967 ஏப்ரல் 10 ஆம் தேதி, ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்ற தீர்ப்பில், தலைமை நீதிபதி கோகா சுப்பா ராவ், அரசியல் சாசனத்தின் 21 ஆம் ஷரத்தில் சொல்லிய தனிமனித சுதந்திரத்தில் வெளிநாடு போகும் உரிமையும் அடங்கும் என்றும், சட்டமே இல்லாமல் மனம்போனபடி கடவுச்சீட்டை மறுக்கலாகாது என்றும் விதித்தார். மறுநாளே அவர் பதவியை விட்டு விலகி, ஜனாதிபதித் தேர்தலில் நின்றார் என்பது வேறு கதை. அரசாங்கம் அவசர அவசரமாக ஓர் ஆணையும், ஜூன் மாதத்தில் கடவுச்சீட்டுச் சட்டமும் கொண்டுவந்தது. மறுப்பதானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், மேல் முறையீட்டுக்கு இடம் தர வேண்டும் என்ற நியமங்கள் அதன்மூலம் வந்தன. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, நீதிபதிகளின் வாதங்களைக் காட்டிலும், உதிரிப் பாகங்களுக்கு ஆர்டர் பிடிக்கப் போகிறவனின் பெட்டிதான் என் மனக்கண்ணில் நின்றது.

இதற்குள் பாக் ஜலசந்தியில் பெரிய மாறுதல்கள் நேர்ந்துவிட்டன. 1964 அக்டோபர் 30 ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும், பாத்திர பண்டங்களைப் பாகம் பிரிப்பதுபோல் பிரித்தது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை; டிசம்பர் 22 ஆம் தேதி இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரும், துறையும், பிரயாணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலும் கடலுக்கு இரையாயின. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். ராமானுஜம் என்ற அந்தக் கப்பலின் பெயரைத் தாயகம் திரும்பியோர் இன்றும் மறக்கவில்லை. பத்து நாள் காரியமாகக் கைப்பெட்டியோடு போய் வந்தவர்களும், தகரப் பெட்டியும் அம்மிக் குழவியும் சாமிப் படமுமாக ஒரு வழிப் பிரயாணமாக வந்தவர்களும் அதே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் திரும்பும் தேதி முத்திரையில் இருந்தது. மற்றவருக்குத் திரும்புதல் என்பதே இல்லை. மண்டபத்து முகாமோ, போகிறவர்களைச் சோதித்த காலம் போய், வருகிறவர்களைத் தாங்கும் இடமாயிற்று. பின்னர் 1983 க்குப் பிறகு அகதிகளின் இடமும் ஆயிற்று. எண்பதுகளில் போர் மூண்டபின் கப்பலும் நின்றது. 2023 அக்டோபர் 14 ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் புறப்பட்டபோது தமிழ்நாட்டுக் கரையில் மறுபடியும் கடல்வழிக்கு முத்திரை குத்தினார்கள்.

உலகத்தின் பெரிய தேசங்கள் இந்த மனிதனைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1995 இல் அமலுக்கு வந்த சேவை வர்த்தக ஒப்பந்தம், சேவையைச் செய்வதற்கு மனிதனே எல்லை தாண்டுவதையும் வர்த்தகத்தின் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டது. கனடாவும் அமெரிக்காவும் மெக்சிகோவும் 1994 முதல் 2020 வரை நடத்திய உடன்படிக்கையில், எந்தெந்தத் தொழில் வல்லுநர் எளிதில் எல்லை கடக்கலாம் என்று ஒரு ஜாபிதாவே இருந்தது. நிர்வாக ஆலோசகர் என்ற பெயரும் அதில் இருந்தது. ஆயினும் அமெரிக்காவுக்குள் போய்த் தானே சுயமாகத் தொழில் நடத்துவதற்கு அந்த அனுமதி செல்லவில்லை, அங்கே ஒரு நிறுவனம் அவரை வேண்டியிருக்க வேண்டும் என்றிருந்தது. டெனன்டின் காலத்துச் சுறாக்கள் கேட்ட அதே அத்தாட்சி!

இலங்கை 2012 ஜனவரி முதல் மின்னணுப் பிரயாண அனுமதி முறையை வைத்திருக்கிறது. அதில் உல்லாசப் பிரயாணம் என்பது ஒரு வகை, வியாபாரக் காரியம் என்பது ஒரு வகை. நான் அடுத்த முறை போவதற்கு விண்ணப்பித்தபோது, எனக்குரிய வகையில் எவையெவை அடங்கும் என்று நிதானமாகப் படித்துப் பார்த்தேன். வியாபாரக் கூட்டங்களுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் வருகிறவர்களோடு, சங்கீத நிகழ்ச்சிகளுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் சமய வைபவங்களுக்கும் வருகிறவர்களையும் அதே தலைப்பின் கீழ்ச் சேர்த்திருந்தார்கள். மேளக்காரருக்கும் எனக்கும் ஒரே கட்டம்! யாரும் அனுப்பாமலே, முப்பது நாளுக்கு என்று கேட்டுவிட்டு, மூன்று நாளைக்கு வேண்டிய வேட்டி சட்டையை எடுத்து வைத்தேன்.